எனில்டாவின் பானையில் ஒரு நோட்டரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் வீட்டு வேலியில் இருக்கும் ஓர் ஓட்டையிலிருந்து. மற்ற எழுத்தாளர்களுக்குக் கற்பனை வரும். எனக்கு அடுத்த வீட்டுக் கொல்லை தெரியும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்த ஆண்டு சீனு ஆற்றில் தண்ணீர் மெல்ல, மிக மெல்ல...' (கிழித்துவிட்டேன். ஆமையைப் பற்றிய கதை என்பதற்காக வாக்கியமும் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: 'நாற்பது வருடம் ஆமைக் குழம்பு வைத்த பெண் ஒருநாள் ஓர் ஆமையைத் தத்தெடுத்தாள்.' இது இருக்கட்டும். உண்மையும்கூட.

2

அவள் பெயர் எனில்டா. அறுபத்தொரு வயது. ஈஸ்டருக்கு முன் இறைச்சி விலக்கும் புனித வாரம் வந்தால் அவள் கொல்லை அடுப்பில் பெரிய பானை ஏறும். தேங்காய்ப்பாலில் வெந்த அந்த ஆமைக் குழம்புக்காக தூரத்துப் பட்டணமான பார்ரான்கியாவிலிருந்துகூட ஆட்கள் பஸ் பிடித்து எங்கள் ஊர் லோரிகாவுக்கு வருவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். ஊர் நம்பவில்லை. நானும் ஊர்தானே.

போன அக்டோபரில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி பிடிபட்டது. நெல் மூட்டைகளுக்கு அடியில் முப்பத்தேழு காட்டு ஆமைகள். வனவிலங்கு மீட்பு இல்லத்தார் முப்பத்தாறைக் காட்டில் விட்டார்கள். மிஞ்சிய ஒன்றின் ஓட்டில் கயிறு கட்டுவதற்காக யாரோ முன்பே துளை போட்டிருந்தார்கள். மனிதர் வீட்டில் வளர்ந்தது, காட்டில் பிழைக்காது. கொல்லை இருக்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள்.

எனில்டா விண்ணப்பித்தாள். 'ஆமைகளுடன் அனுபவம் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'நாற்பது வருடம்' என்று எழுதச் சொன்னாள். இதை நான் கற்பனை செய்யவில்லை. அவளுக்காகப் படிவத்தை நிரப்பியவனே நான்தான்.

"எதுக்கு அக்கா இது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"மாம்பழம் கீழ விழுந்து வீணாப் போகுது தம்பி. எம்புட்டுத்தான் நான் ஒருத்தியே திங்கிறது?"

(இந்த இடத்தில் எனக்கு அவள் மீது சந்தேகம் வந்தது. ஒரு கதாபாத்திரத்துக்கு இவ்வளவு சின்னக் காரணம் போதாது. பாவமன்னிப்பு என்றால் எழுதலாம். பசி என்றால் இன்னும் நன்றாக எழுதலாம். மாம்பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?)

3

சிவப்புக் கால், மஞ்சள் நெற்றி, அகன்ற ஓடு. வந்த முதல் நாளே கொல்லையின் நாலு மூலைக்கும் போய் எல்லையைச் சரிபார்த்தது. ஆகையால், சொத்துப் பத்திரம் சரிபார்க்கிறவரைப் போல என்று, 'நோட்டரி' எனப் பெயர் வைத்தாள்.

"நோட்டரி ஐயா, கையெழுத்துப் போட வாங்க," என்று பப்பாளித் துண்டை நீட்டுவாள். அவர் வருவதற்குள் அவள் ஒரு கோப்பை காப்பி குடித்து முடிப்பாள். செம்பருத்திப் பூ என்றால் மட்டும் கொஞ்சம் வேகம்.

தெருவில் ஆளுக்கொரு பேச்சு.

"என்ன எனில்டா, நோட்டரி எத்தன கிலோ ஏறிட்டாரு?"

"உன் நாக்கவிடக் கம்மிதான். போ."

மார்ச்சில் மழை முந்திக்கொண்டது. நோட்டரியின் மூக்கில் குமிழ் வந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டார். பூவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மீட்பு இல்லத்து மருத்துவர் பத்து நாளுக்கு ஊசி எழுதிக் கொடுத்து, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கச் சொன்னார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த வாரம் நான் வேலியோரம் போகவில்லை. உள்ளே உட்கார்ந்து இந்தக் கதையின் முடிவை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த முடிவில் அவள் ஆமையைச் சமைத்துவிடுகிறாள். பிரமாதமாக வந்திருந்தது.

4

புனித வாரத்துப் புதன்கிழமை காலை, தேங்காய் துருவும் சத்தம் கேட்டு ஓட்டையில் கண்ணை வைத்தேன். அடுப்பின் மேல் அந்தப் பெரிய பானை. லேசான ஆவி. பானை விளிம்புக்கு மேலே நோட்டரியின் தலை. பக்கத்தில் எனில்டா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

நான் எழுதியது அப்படியே நடந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் தோன்றியது இரக்கம் இல்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்ளவும். 'நான் அப்போதே நினைத்தேன்' என்ற திருப்தி. அதன் பிறகுதான் அறச்சீற்றம்.

மீட்பு இல்லத்துக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை.

5

ஒரு மணி நேரத்தில் மீட்பு இல்லத்தின் இன்னொரு மருத்துவர், யெசெனியா என்ற இளம்பெண், ஒரு காவலருடன் வந்தார். சத்தம் கேட்டு வருகிறவனைப் போல நானும் போனேன்.

யெசெனியா பானைக்குள் கையை விட்டார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. பானையில் நாலு விரல் தண்ணீர். அடுப்பில் தீ இல்லை, வெறும் வெதுவெதுப்பான சாம்பல்.

"ஏன்மா அடுப்பு மேல வச்சீங்க?"

"மூட்டு வலி டாக்டரம்மா. கீழ குனிஞ்சா யாராச்சும் தூக்கிவிடணும். இதான் வாகான உயரம்."

"தேங்கா?"

"என் சோத்துக்கு. நானும் திங்கணும்ல?"

யெசெனியாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆனால் புகார் பதிவாகிவிட்டது. ஆமையை எடுத்துப் போய்க் கண்காணிப்பில் வைத்தாக வேண்டும், விதி அது. எனில்டா வாதாடினாள், திட்டினாள், காவலரின் அம்மா பெயரைச் சொல்லித் திட்டினாள். பிறகு நோட்டரியைத் துண்டால் துடைத்தாள்.

"ஊசி இன்னும் நாலு பாக்கி இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. முன்னங்கால்ல. நேத்து இடது போட்டேன், இன்னைக்கு வலது. மறந்துடாதீங்கம்மா."

யெசெனியா அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

வண்டி போனதும் எனில்டா என்னைப் பார்த்தாள். "எவன் தம்பி சொல்லியிருப்பான்?"

"ஊர் வாய்தானே அக்கா," என்றேன்.

(இந்தப் பதிலை எட்டு முறை திருத்திப் பார்த்தேன். 'தெரியலையே அக்கா', 'கண்டவனும்...', 'நான்...' எதுவும் சரியாக வரவில்லை. நடந்ததை நடந்தபடியே விட்டிருக்கிறேன்.)

6

பதினாறு நாள். பெரிய வெள்ளியன்று பார்ரான்கியாவிலிருந்து வந்த நாத்தனார் குழம்பு எங்கே என்றாள். எனில்டா மீன் போட்டு அனுப்பினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் செம்பருத்திப் பையோடு பஸ் ஏறி மீட்பு இல்லத்துக்குப் போனாள். கண்காணிப்பு முடியும்வரை பார்க்க அனுமதியில்லை. பையைக் கேட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கொல்லைப் படியேறுவதை ஓட்டை வழியாகப் பார்த்தேன். பிறகு ஓட்டையில் ஒரு பலகையை அடித்துவிட்டேன்.

நோட்டரி திரும்பி வந்தார். மூச்சு சரியாகிவிட்டது. எடை குறைந்திருந்தது. இடது கண் திறக்கவில்லை. நோயாலா, இடம் மாறியதாலா என்று யெசெனியாவுக்கே தெரியவில்லை. இப்போது எனில்டா பப்பாளியை வலது பக்கத்திலிருந்துதான் நீட்டுகிறாள்.

7

சில முடிவுகளைப் பரிசீலித்தேன். ஆமை நூறு வருடம் வாழ்கிறது, எனில்டா இல்லை (அழுகை நிச்சயம், வேலை குறைவு). ஊர் மன்னிப்புக் கேட்கிறது (லோரிகாவை அறியாதவர்கள் நம்புவார்கள்). எழுத்தாளன் திருந்துகிறான் (என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்).

நேற்று எனில்டா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"தம்பி, எங்க கதைய எழுதுறியாமே. ஞாயித்துக்கெழம வா, வாசிச்சுக் காட்டு. கண்ணாடி போட்டும் எனக்கு எழுத்து தெரிய மாட்டேங்குது."

"இன்னும் முடியல அக்கா."

"புகார் குடுத்தவன் அதுல வர்றானா?"

"கதைன்னா எல்லாரும் வரணும்னு இல்லையே."

"வந்தா நல்லாருக்கும். அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"அத அவன்கிட்டத்தானே கேப்பேன்?"

இன்று ஞாயிறு. மணி மூன்று. நான் போன் செய்கிற நான்காம் பகுதியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உருவிவிட்டால் கதை ஒன்றும் குறைந்துவிடாது. சொல்லப்போனால் இன்னும் கச்சிதமாக இருக்கும், வாசித்துப் பார்த்தேன். உங்கள் பிரதியில் அது இருக்கிறது என்பதால் எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். உங்களிடம் உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நீங்கள் அடுத்த வீட்டில் இல்லை.

எனில்டா இரண்டு நாற்காலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தாள்கள் என் கையில். முதல் மூன்று பகுதிகளையும் வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நான்காவதை வாசிப்பதா, உருவிவிடுவதா என்று அதற்குள் நீங்கள் யாராவது சொல்லுங்கள்.