கழுத்துவரை பெட்ரோல்

சின்னவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினாள், மறுபடியும் இருமல். மயான வாசலில் மிச்சம் நின்றது அவர்கள் வண்டி ஒன்றுதான். வந்தவர்கள் எல்லாரும் கையைப் பிடித்து, தோளைத் தட்டி, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பாவை அனுப்பிவைத்த கையோடு அவருடைய வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒருவழியாக இன்ஜின் பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டில் எரிந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கைத் தவிர. விரல்முட்டியால் அதன் மேல் இரண்டு தட்டு தட்டினாள். அப்பா அப்படித்தான் தட்டுவார். தட்டி அது ஒருநாளும் அணைந்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னுமா எரியுது இது?"

"ஒரு வருஷமா எரியுது. நீ வரப்பெல்லாம் இதையேதான் கேக்கறே."

"கேட்டு என்ன ஆச்சு? அவரும் கேக்கல, நீயும் கேக்கல." பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். "அம்மா, இந்த மாசக் கடைசியில புகை டெஸ்ட். இந்த லைட் எரிஞ்சா பாஸ் பண்ணமாட்டாங்க. பழைய வண்டி எடுக்கற ஆள்கிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில வந்து இழுத்துட்டுப் போயிடுவான்."

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் சித்தப்பா. சித்தப்பா என்றால் ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்துவரும் மெக்கானிக். ஸ்பேனர் என்பது அப்பா வைத்த பெயர். அது மனிதருடைய சொந்தப் பெயரையே விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது.

"எனக்கு வேணும்" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எதும்மா?"

"வண்டி."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை சாலையைப் பார்த்தாள்.

அம்மா லைசென்ஸ் எடுத்தது ஒரு தனிக்கதை. அப்பா தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஓட்டியவர். ரிட்டயராகி வீட்டோடு உட்கார்ந்ததும், இனி எங்கே போனாலும் இந்த மனுஷன் கூடவே வருவாரே என்று பயந்தாளோ என்னவோ, யாரிடமும் மூச்சுவிடாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவையிலேயே தேறி, அட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருமைதான், முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. சாவி மட்டும் வரவில்லை. "லைட் அணையட்டும். நடுரோட்டுல நின்னுதுன்னா நீ என்ன பண்ணுவே? அணையற அன்னைக்கு சாவி உன்னுது" என்றார். விளக்கு அணைந்தபாடில்லை. லைசென்ஸ் அம்மாவின் பைக்குள்ளேயே பழசாகிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ தனியாப் போயி எங்கயாவது நின்னுட்டா நான் அங்கேருந்துகிட்டு என்ன பண்ணுவேன், சொல்லு." அண்ணனுக்குக் குரல் பிசிறியது. அவன் கெட்டவன் இல்லை. செய்தி கேட்டதும் கிடைத்த விமானத்தில் ஏறி ஓடிவந்தவன். அப்பாவை உயிரோடு பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மிச்சம் இருக்கிற ஒருத்தியையாவது கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று பதைத்துக்கொண்டிருந்தான்.

"லைட் அணைஞ்சா?" அம்மா கேட்டாள்.

"அணைஞ்சா தாராளமா வச்சுக்கோ. ஒரு வருஷமா அணையாதது நாளைக்குள்ள அணைஞ்சிடுமா?"

ஸ்பேனர் தொண்டையைச் செருமினார். அந்த விளக்கு அவருடைய தன்மானத்திலும் கை வைத்த விளக்கு. மெஷினை மாட்டிப் பார்த்தால், டேங்கிலிருந்து எழும்பும் பெட்ரோல் ஆவி போகிற வழியில் கோளாறு என்று காட்டும். மூடியை மாற்றினார். ரப்பர் குழாயை மாற்றினார். வால்வை மாற்றினார். கடைசியில், அந்த ஆவியைப் பிடித்துவைக்கிற கரி டப்பாவையே புதிதாகப் போட்டார். விளக்கு அணைந்தது. அம்மா லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால் நடந்தது இது. அப்பா கட்டிப்பிடிக்காத குறை. கொஞ்ச நாளிலேயே அது திரும்பவும் எரிய, "போலி டப்பாவ என் தலையில கட்டிட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரமாக நின்ற ஸ்பேனரிடம் அப்பா கேட்டது ஒன்றுதான். "இன்னைக்கு எத்தனை வண்டியக் கெடுத்தே?" அன்றிலிருந்து ஸ்பேனர் கடைக்கே போகாமல் வார்டு வாசலில் கிடந்தார்.

"அண்ணே, பெட்ரோல் இல்லை" என்றாள் சின்னவள். முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலில் அதை யார் பார்த்தார்கள்? அப்பா இருந்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பார்.

நாமே பெட்ரோல் போட்டுக்கொள்கிற பங்கில் வண்டியை நிறுத்தி, அவளே இறங்கிக் குழாயை எடுத்துச் செருகினாள். மரத்துப்போன காலை உதறிக்கொண்டு ஸ்பேனரும் இறங்கினார். வெயிலில் பெட்ரோல் வாடை தூக்கியது. எண்கள் ஓடின. குழாய் டக்கென்று தானாக நின்றது. அவள் பிடியை மறுபடி அழுத்தினாள். டக். கொஞ்சம் பொறுத்து, மெல்ல அழுத்தினாள். குனிந்து காதை டேங்கின் வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். நிறைய நிறையச் சத்தம் குறுகிக்கொண்டே வரும். பம்ப் ஓட்டிய அப்பாவின் காதுக்கு அது நன்றாகவே கேட்கும், அவளுக்கும் பழக்கியிருந்தார்.

"என்னம்மா பண்றே?" என்றார் ஸ்பேனர்.

"பெட்ரோல் போடறேன் சித்தப்பா."

"அதான் நின்னுடுச்சே."

"நின்னதும் எடுத்துட்டா எப்படி நிறையும்? கழுத்துல வந்து தளும்பணும். அப்பா அப்படித்தான் போடுவார்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

ஸ்பேனர் அவள் கையிலிருந்து குழாயை வாங்கி அதன் இடத்தில் மாட்டினார். "நான் புது டப்பா போட்டுக் குடுத்தேனே. அன்னைக்கு?"

"அன்னைக்கு இன்னும் ஒரு பிடி கூட. லைட் அணைஞ்ச சந்தோஷம், வழிய வழிய விட்டார். துடைக்கறதுக்கு என் கைக்குட்டையத்தான் வாங்கினார்."

ஸ்பேனர் பங்கின் சிமெண்ட் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலியோ என்று பயந்து அண்ணன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றார் அவர். "அந்த டப்பாவுல இருக்கறது வெறும் கரி. ஆவி போனா பிடிச்சு வச்சுக்கும். பெட்ரோலே போனா ஊறிப்போயிடும். ஊறின கரி எதையும் பிடிக்காது, கொஞ்ச நாள்ல லைட் எரியும். தானா நிக்கற குழாய நிக்கவிடாம மேல மேல ஊத்தினா அது எங்கதான் போகும்? நான் எத்தனை டப்பா மாத்தினாலும் அவர் அடுத்த தடவையே அதை முழுக்காட்டியிருப்பார்." அவர் சிரிக்க ஆரம்பித்தார். "எல்லாத்தையும் மாத்தினேன், எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தேன். உங்கப்பாவப் பார்த்து, அண்ணே, நீங்க எப்படிப் பெட்ரோல் போடுவீங்கன்னு மட்டும் கேக்கல." சிரிப்பு பாதியில் உடைந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போலின்னாரு என்னை. இப்ப யார்கிட்ட போயி நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்வேன்?"

அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஸ்பேனரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அது அவர் ஊத்தினதில்ல. அவர் பயம் ஊத்தினது."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இவ பொறக்கறப்ப ராத்திரியில வலி வந்துடுச்சு. அப்ப வேற வண்டி, ஓட்டை வண்டி. பாதி வழியில பெட்ரோல் தீந்துபோச்சு. நல்ல மழை. என்னை வண்டியிலயே உக்காரவச்சிட்டு டப்பாவத் தூக்கிட்டு ஓடினார். அவர் திரும்பி வரப்ப நான் பல்லக் கடிச்சிட்டு இருக்கேன், எனக்கு மேல அவர் அழறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா இவ பின்சீட்டுலதான் பொறந்திருப்பா." அம்மா மகளைப் பார்த்தாள். "அன்னைலேருந்து எந்த வண்டி வாங்கினாலும் கழுத்துவரைக்கும். உங்ககிட்டல்லாம் சொல்லக்கூடாதுன்னுட்டார். மானக்கேடாம்."

சின்னவள் டேங்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ தடவை இதே மூடியைப் பிடித்துக்கொண்டு, போதும் வாங்கப்பா, நேரமாகுது என்று அவரை அதட்டியிருக்கிறாள். அவர் காதிலேயே வாங்காமல் குனிந்துகொண்டிருப்பார். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. இத்தனை நேரம் வராத அழுகை. அண்ணன் அவள் கையிலிருந்த மூடியை வாங்கித் திருகினான்.

"மூடி கிளிக்குனு சொல்லணும்" என்றார் ஸ்பேனர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பிறகு எழுந்து பின்புறத் தூசியைத் தட்டினார். "அண்ணியையும் பிள்ளைங்களையும் வீட்டுல இறக்கிட்டு வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். என் கடையில இதே மாடல் ஒண்ணு இடிபட்டுக் கிடக்கு. ஓனர் வேணாம்னு விட்டுட்டுப் போனது. அதோட டப்பா நல்லா இருக்கு."

"இன்னைக்கேவா சித்தப்பா?" என்றான் அண்ணன்.

"நாளைக்குக் காலையில உன் ஆள் வரான்ல?"

மறுநாள் விடிந்து, வீட்டில் யாரும் சரியாகத் தூங்கி எழாத நேரத்தில் வண்டி வாசலில் வந்து நின்றது. ஸ்பேனர் நேற்றுப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையில் இறங்கினார். அது இப்போது வெள்ளை இல்லை.

"டேங்க இறக்கி, இருந்ததை எல்லாம் வடிச்சு, டப்பாவ மாத்தியாச்சு" என்றார். "மெஷின வச்சு லைட்டையும் அணைச்சுட்டேன். ஆனா அதை நம்பாதீங்க. பெட்ரோல் போட்டு ஓட்டினாத்தான் தெரியும். இதுவரைக்கும் அங்கதானே மாட்டிக்கிட்டோம்."

சாவியை அவர் நீட்டியது சின்னவளிடம். அவள் அதை வாங்காமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா உள்ளே போய்க் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பைக்குள் லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அண்ணன் பின்சீட்டில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் ஏறி பெல்ட்டை இறுக்கமாகப் போட்டுக்கொண்டான்.

அம்மா மெதுவாகத்தான் ஓட்டினாள். அப்பாவின் உயரத்துக்கு வைத்து யாரும் மாற்றாத சீட்டை முன்னால் இழுத்துவிட வேண்டியிருந்தது. பங்கில் இறங்கி அவளே குழாயைப் பிடித்தாள். எண்கள் ஓடின. டக்கென்று நின்றது. அவள் விரல்கள் பிடியின் மேலேயே இருந்தன. வண்டிக்குள்ளிருந்து மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"போதும்" என்றாள் அம்மா, யாரிடம் என்று தெரியாமல். குழாயை எடுத்து மாட்டினாள். மூடியைக் கிளிக் என்று சொல்லும்வரை திருகினாள்.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இருமலே இல்லை, முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் கடைசிவரை நின்றது. அம்மாவின் கை தானாக நீண்டு, விரல்முட்டி டாஷ்போர்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனது. தட்டுவதற்குள் அதுவும் அணைந்துவிட்டது. கை அங்கேயே கொஞ்சம் நின்றது.

பெரிய சாலையைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, சிக்னலில் நின்று புறப்பட்டு, அவர்கள் வெகுதூரம் போனார்கள். விளக்கு எரியவில்லை. ஸ்பேனர் பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார். அண்ணனுடைய போன் அடித்தது. பழைய வண்டி எடுக்கிற ஆள். வீட்டு வாசலில் நிற்கிறானாம், வண்டியைக் காணோமே என்கிறான்.

"வண்டி வெளிய போயிருக்குங்க" என்றான் அண்ணன். "அம்மா எடுத்துட்டுப் போயிருக்காங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது."

சின்னவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா பின்னால் வருகிற வண்டிகளைக் கண்ணாடியில் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, வீட்டுக்குப் போகாத பக்கமாகத் திருப்பினாள்.