பெல்ட் ஓடிய நேரம்

நாலாயிரத்து முந்நூறு ரூபாய். மேஸ்திரி தங்கராசுக்கு நான் தரவேண்டிய கடன். மகள் மணிமொழிக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கியது.

அதை ஞாபகப்படுத்தத்தான் விசாரணைக்கு முன்னால் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். போன வாரம் கான்ட்ராக்டரின் கரி யார்டில் என்னோடு வேலை செய்யும் ராயப்பனின் கை, கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே சிக்கியது. பெல்ட்டின் ஓரமாகப் போகும் கயிற்றை இழுத்தால் ஓட்டம் நின்றுவிட வேண்டும். காற்றில் கயிறு ஆடினால்கூட பெல்ட் நின்று வேலை கெடுகிறதென்று மேஸ்திரி அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார். நான் இழுத்தேன். நிற்கவில்லை. மோட்டார் ரூமுக்கு ஓடி ஸ்விட்சை அமுக்கினேன். அதற்குள் ராயப்பனின் கை போய்விட்டது.

“கயித்த இழுத்ததும் நின்னுடுச்சின்னு சொல்லு. கடன மறந்துடறேன்.”

“நிக்கலியே மேஸ்திரி. ரொம்ப நேரம் ஓடுச்சி.”

“பயத்துல அப்டித்தாண்டா தோணும். சம்பளத்துக்கு மொத நாளு நவுருதா? சம்பள நாளு பொசுக்குனு போயிடுது. உன் நேரத்த எவன் நம்புவான்?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை அரித்தது. ராயப்பனின் அந்த ஒரு அலறலுக்குள் நான் கிழவனாகிவிட்ட மாதிரி இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார். “எவ்ளோ நேரம்பா ஓடுச்சு?”

மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நேரம் எனக்குத் தெரியாதுங்க. எனக்கு ஒரு வருசம் மாதிரி இருந்துது. மேஸ்திரி நெழல்ல குந்திகினு இருந்தாரு, அவருக்கு ஒரு நொடியா இருந்திருக்கும். கயித்த இழுத்ததுக்கே நின்னிருந்தா நான் எதுக்குங்க மோட்டார் ரூமுக்கு ஓடறேன்? கயித்த அவருதான் கம்பி போட்டுக் கட்டி வச்சிருந்தாரு.”

மேஸ்திரியின் சிரிப்பு போய்விட்டது. வெளியே வந்ததும் மேஸ்திரி சொன்னார், “நாளையிலேர்ந்து வேலைக்கு வராத. பொழுது சாயறதுக்குள்ள காசு வந்தாவணும்.”

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஆதிலட்சுமி காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள். “நீ மாத்திச் சொல்லியிருந்தா ராயப்பன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்டி முழிக்கறது? போய் வச்சிட்டு வா.”

பண்ருட்டியில் அடகு வைத்துவிட்டு டீக்கடைக்கே வந்தேன். எல்லோரும் பார்க்க மேஸ்திரியின் கையில் பணத்தை வைத்தேன். அவர் எண்ணாமலே பையில் போடப் பார்த்தார்.

“எண்ணிக்குங்க மேஸ்திரி. மெதுவாவே எண்ணுங்க. எனக்குத்தான் நாளைக்கு வேல இல்லியே.”

கடைசி நோட்டு வரைக்கும் அவரை எண்ணவைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.