பெரியவளுக்கு ஒரு தகவல்

"மார்பு முப்பத்திரண்டரை," என்றாள் காஜா அக்கா.

மாப்பிள்ளை எழுதினான்.

"தோள் பதினாறு. எழுதினீங்களா தம்பி? பதினாறு. அறுபதுன்னு எழுதிடாதீங்க."

அறுபது என்றுதான் எழுதியிருந்தான். அடித்துவிட்டுத் திருத்தினான்.

கூடத்தின் நடுவில் வெள்ளை விரிப்பின் மேல் கிடத்தியிருந்த மாமனாருக்கு, அவருடைய டேப்பாலேயே அளவு எடுத்துக்கொண்டிருந்தாள் அக்கா. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவருக்குப் போட்டு அனுப்ப ஒரு சட்டை இல்லை. அலமாரியில் இருந்த பன்னிரண்டும் நோய்க்கு முன்னால் தைத்தவை. இப்போது ஒவ்வொன்றிலும் இரண்டு மாமா நுழையலாம். தொளதொளவென்று அனுப்பினால் மனுஷன் பாதி வழியில் எழுந்து திரும்பி வந்துவிடுவார் என்று அக்கா சொன்னாள். சிரிக்கச் சொன்னாளா என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. பொதுவாக அந்த வீட்டில் சிரிப்பு அவன் துறை.

காஜா அக்கா கடையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். பொத்தான் துளைகளுக்கு ஓரம் கட்டும் காஜா வேலையில் சேர்ந்தவள். பிறகு முழுச் சட்டையே தைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். பெயர் மட்டும் துளையிலேயே நின்றுவிட்டது.

காலை ஆறரைக்கு மாமா போனதிலிருந்து மாப்பிள்ளைக்கு எதுவும் வரிசையாக வரவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸிடம், "அடுத்த தடவை பார்ப்போம்," என்றான். வேன் பேசும்போது, "நல்லபடியா வாங்க, வாழ்த்துகள்," என்று போனை வைத்தான். அவன் வேலை லிஃப்ட் கம்பெனியில், புகார் வாங்கும் பிரிவில். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். "ஆள் கிளம்பியாச்சு சார், வந்துட்டே இருக்காங்க," என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பியிருக்க மாட்டார். ஆனாலும் அந்த ஒரு வரியில் மூச்சு சீராகிவிடுபவர்களை அவன் பதினான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"மாப்பிள்ளை," என்று மாமியார் உள்ளேயிருந்து வந்தார். அழுது முடித்த முகம், அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருந்தது. "எல்லாருக்கும் சொல்லியாச்சு. பெரியவளுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?"

மாப்பிள்ளையின் கையில் பென்சில் நின்றது.

"இன்னும் இல்ல அத்தை."

"சொல்லிடுங்க. அவங்க ஆபீஸ் நம்பர் உங்ககிட்டதானே இருக்கு. ஆறு வருஷம் வளர்த்த மனுஷன். சொல்லாம விட்டா நல்லாவா இருக்கும்?" கொஞ்சம் நின்று, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். "கடைசியா வந்த கடுதாசி, குட்டி போட்டிருக்கான்னு வந்துச்சே, அதைச் சட்டைப் பையில வைக்கச் சொன்னாரு. முந்தாநாள் சொன்னாரு. கடையறையில எங்கயாவது வச்சிருப்பாரு. எடுத்துட்டு வாங்க."

பெரியவள் ஒரு திமிங்கலம்.

ஆறு வருஷத்துக்கு முன் மாமாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளை மாப்பிள்ளை சுத்தமாக மறந்துபோனான். மதியம் மனைவி போன் செய்து, அப்பாவுக்கு என்ன வாங்கினீங்க என்று கேட்டபோது, "அதுவா, வந்து பாரேன்," என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் துழாவினான். கடல் ஆராய்ச்சிக் குழு ஒன்று, ஒரு திமிங்கலத்தைத் தத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. திமிங்கலம் வீட்டுக்கு வராது. நீங்கள் கட்டும் தொகையில் அவர்கள் படகு எடுத்துப் போய்ப் படம் பிடித்து, வருஷத்துக்கு ஒரு கடிதம் அனுப்புவார்கள். சான்றிதழை உடனே அச்சடித்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரிதான் அவனைக் கவர்ந்தது. ஆபீஸ் கலர் பிரிண்டரில் எடுத்து, லிஃப்ட் கம்பெனி முத்திரை போட்ட ஃபைலில் சொருகிக்கொண்டு போனான்.

வீடே சிரித்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், பல் தேய்க்கப் பேஸ்ட் யார் வாங்கித் தருவது என்று கேட்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. சான்றிதழில் இருந்த வால் படத்தை மிஷின் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார்.

"யாரு இது?"

"திமிங்கலம் மாமா."

"அது தெரியுது. இது யாரு?"

மாப்பிள்ளை சான்றிதழோடு இருந்த தாளை வாசித்தான். இருபத்தொன்பதாம் எண். பெண். திமிங்கலங்களை வாலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ஒன்றின் வால் ஓரம் போல இன்னொன்றுக்கு இருக்காது. மாமா தலையாட்டினார். தொழில்காரர் இன்னொரு தொழில்காரர் பேச்சைக் கேட்டுத் தலையாட்டுவது போல. அன்றிலிருந்து அது பெரியவள்.

அதுவரை எட்டு வருஷத்தில் மாமா அவனிடம் பேசியது, "சாப்டீங்களா", "கிளம்பறீங்களா" இரண்டுதான். மனுஷன் எதற்கும் மிஷினை நிறுத்தியதில்லை. பெண் கேட்டு வந்த அன்றைக்கே ஓட்டிக்கொண்டேதான் பதில் சொன்னார். அந்தச் சத்தத்தில் சம்மதம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திமிங்கலம் வந்த பிறகு, போகும்போதெல்லாம், "எப்படி இருக்கா பெரியவ?" என்று கேட்க ஆரம்பித்தார். உலகத்தில் ஒருவர் மாப்பிள்ளையிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதுதான் முதல் தடவை.

ஒரு வருஷம் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்ற லிஃப்டுகளோடு சேர்ந்து எங்கோ போயின. பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னால் மாமா, இந்த வருஷக் கடிதம் வரவில்லையே என்று கேட்டார். "கிளம்பியாச்சு மாமா, வந்துட்டே இருக்கு," என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அன்று மாலை ஆபீஸில் உட்கார்ந்து கடிதத்தை அவனே எழுதினான். கம்ப்யூட்டரில் தேடி ஏதோ ஒரு வாலை எடுத்து ஒட்டினான். பெரியவள் நலம், வடக்கே போயிருக்கிறாள்.

அடுத்தடுத்த வருஷம் உண்மையிலேயே பணம் கட்டிச் சேர்ந்துவிட நினைத்தான். ஆனால் அவன் வடக்கே அனுப்பிய திமிங்கலத்தை அவர்கள் கடிதம் தெற்கே காட்டினால்? ஆக, இரண்டாவதிலிருந்து ஆறாவது வரை ஐந்து கடிதமும் அவன் கைவண்ணம். கடைசிக் கடிதத்தை, டாக்டர் தனியே கூப்பிட்டுப் பேசிய மறுநாள் எழுதினான். அதனால்தான் அதில் குட்டி.

ஆஸ்பத்திரியில் அதை வாசித்துக் காட்டியபோது மாமா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "குட்டி எந்தப் பக்கமா வருது?"

"இடது பக்கம் மாமா. அம்மாவை ஒட்டியே."

"ம்," என்றார். அதற்கு மேல் அவர்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் அவன் எந்தப் பக்கமும் சொல்லாமல் இருந்திருப்பானோ என்னவோ.

இப்போது அந்தப் பொய்யை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைக்க வேண்டும்.

கடையறை தெருப் பக்கம். உள்ளே நுழைந்ததும் துணி மணமும் மிஷின் எண்ணெய் மணமும் சேர்ந்து வந்தன. கடிதத்தை மேசை இழுப்பறையில் தேடினான். ஊசி, பாபின், உடைந்த மூக்குக் கண்ணாடி. அலமாரியில் தேடினான். பிறகுதான் சுவரைப் பார்த்தான். வாடிக்கைக்காரர்களின் அளவுக்கு வெட்டிய பழுப்புக் காகிதங்கள் ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வங்கி மேனேஜர். பல் டாக்டர். பாட்டு வாத்தியார். ஒவ்வொரு கொத்தின் மேலும் நீலப் பென்சிலில் ஆள் அடையாளம். கடைசி ஆணியில் இருந்த கொத்து சட்டைத் துண்டு போல இல்லை. மேலே எழுதியிருந்தது: பெரியவ.

எடுத்து மேசையில் பரப்பினான். ஆறு வால்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தந்த வருஷக் கடிதம் குண்டூசியில் குத்தியிருந்தது. படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தின் ஒவ்வொரு பள்ளம் மேட்டையும் விடாமல் வரைந்து, கத்தரியால் வெட்டியிருந்தார். மூலையில் மாமாவின் சிக்கனமான கையெழுத்து.

முதல் வால்: பெரியவ. இடது ஓரம் ரெண்டு வெட்டு. வலது முனை மழுங்கல்.

இரண்டாவது: வேற ஆள்.

மூன்றாவது: இதுவும் வேற ஆள்.

நான்காவது: ரெண்டாவதையே திருப்பிப் போட்டது.

மாப்பிள்ளைக்குக் காது சுட்டது. அந்த வருஷம் வேலை அதிகம். பழைய படத்தையே வலம் இடமாக மாற்றிப் போட்டுவிட்டு, தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனவன் அவன். துணியின் உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தொட்டே சொல்லும் மனுஷனிடம் போய்.

ஐந்தாவது: யாருன்னு தெரியல. நல்லா இருக்கா.

ஆறாவது வேறு கையெழுத்து: குட்டிக்கு வெட்ட முடியல, படம் சின்னது.

"அது நான் வெட்டினது," என்றாள் காஜா அக்கா. அலமாரிச் சட்டைகளில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "ஆஸ்பத்திரியிலேருந்து கடுதாசியைக் குடுத்தனுப்பி வெட்டி வைக்கச் சொன்னாரு."

மாப்பிள்ளை வாலை மேசையில் வைத்தான். "அவருக்குத் தெரியுமா அக்கா?"

"ஓரத்தைப் பாத்து ஆளைச் சொல்றவருக்குத் தெரியாதா? மொத வருஷமே தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டுட்டே இருந்தாரு?"

அக்கா மிஷினில் உட்கார்ந்து, சட்டையின் பக்கத் தையலைப் பிரித்தாள். நூலை வாயால் கடித்துத் துப்பினாள்.

"எனக்கென்ன தெரியும் தம்பி. நீங்க வந்து அவ இப்படிப் போனா, அப்படிப் போனான்னு சொல்லுவீங்க. மனுஷன் மிஷினை நிறுத்திட்டுக் கேப்பாரு. வேற யாருக்கும் நிறுத்தினதை நான் பாத்ததில்ல."

அவன் யோசித்துப் பார்த்தான். தான் கதை விடும்போது அந்த அறை எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். தன் குரல் மட்டும்தான் நினைவில் இருந்தது. பேசுகிறவனுக்குத் தன் சத்தம்தானே கேட்கும். கேலியாகக் கேட்டாரா, பொழுது போகக் கேட்டாரா, இன்று எதை அவிழ்த்துவிடுகிறான் பார்ப்போம் என்று கேட்டாரா? இல்லை, வேறு ஏதாவதா? தெரிந்துகொண்டே ஐந்து வருஷம் ஒருவன் பொய்யைத் தலை சாய்த்துக் கேட்பவரை என்ன என்று சொல்வது?

செல்போனை எடுத்து அந்தக் குழுவின் பக்கத்தைத் தேடினான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. இருபத்தொன்பது இன்னும் அங்கே இருந்தாள். அதே இரண்டு வெட்டு, அதே மழுங்கிய முனை. கீழே, கடைசியாகப் பார்த்தது நான்கு ஆண்டுகளுக்கு முன் என்று போட்டிருந்தது. பார்க்கவில்லை என்றால் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம், அந்தப் பக்கம் படகு போகாமலும் இருந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு. படகு ஏன் போகவில்லை என்று எழுதவில்லை. தன்னைப் போல எத்தனை பேர் கட்டாமல் விட்டார்களோ என்று நினைத்தான்.

ஒழுங்காகக் கட்டியிருந்தால் நாலு வருஷமும் மாமாவுக்குக் காணவில்லை என்றே கடிதம் வந்திருக்கும். அது நல்லதா கெட்டதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

குட்டிக் கடிதத்தைக் குண்டூசியிலிருந்து கழற்றினான். முதல் வாலையும் எடுத்தான். காகிதத்தை வாலோடு சேர்த்து மடித்தால் தடிமனாக வந்தது.

"எது வைக்கறீங்க?" என்றாள் அக்கா.

"ரெண்டும்."

"அப்போ பையை இன்னும் அரை அங்குலம் பெருசா வைக்கணும். இங்க குடுங்க, அளவு பாத்துக்கறேன்." வாங்கி, துணி மேல் வைத்துச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டாள். மிஷின் ஓட ஆரம்பித்தது.

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மனைவி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மச்சானின் விமானம் மூன்று மணிக்கு, வேன் நாலு மணிக்கு என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமியார் அவனைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் காலி செய்யச் சொன்னார்.

"சொல்லிட்டீங்களா மாப்பிள்ளை?"

அவன் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தான். வருகிற வழியில், அந்தப் பத்தடியில், எது உண்மை என்று கொஞ்சம் கலங்கிவிட்டது. மனைவியும் டேப்பைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னேன் அத்தை."

"என்ன சொன்னாங்க?"

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தான். முகவாய் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

"இன்னைக்குக் காலையில படகுல கிளம்பியிருக்காங்களாம்," என்று ஆரம்பித்தான்.

கடையறையில் மிஷின் நின்றது.