பொடியனை முன்னாடி விடுங்க

நாலாவது மாடிக்குப் போக வேண்டிய பீரோ இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது. லிப்ட் வேலை செய்யவில்லை என்பது ஒரு காரணம். பிரேசில்காரப் பொடியன் இன்னொரு காரணம்.

பொடியனுக்குப் பத்தொன்பது வயது. டிவியில் மட்டுமே பார்த்த கால்பந்து ஆட்டக்காரன். அவன் எந்த இடத்தில் ஆடினால் நல்லது என்று, வீட்டுச் சாமான் தூக்கும் இந்த இரண்டு பேரும் சீசன் முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பீரோவின் மேல் பக்கத்தைப் பிடித்திருந்தவர் மாமா. கீழ்ப் பக்கம் அவருடைய மச்சினன்.

மச்சினனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மாமாதான். அக்கா புருஷன் வேறு. முதல் நாள், “நீ கீழ பிடி” என்றார், பிடித்தான். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. படியேறும்போது பாரமெல்லாம் கீழே இருப்பவன் தலையில்தான் விடியும். அவன் இடுப்பு இப்போதெல்லாம் காலையில் எழுந்திருக்கவே அடம்பிடிக்கிறது. ஒரு தடவையாவது மேல் பக்கம் பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு உயிர் போகிற ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை. அக்காவிடம் சொன்னால் வீடு ரெண்டுபட்டுவிடும். அதனால் கால்பந்து பேசினான்.

“நடுவுல போட்டு அவன் முதுகை ஒடிக்கிறாங்க, மாமா. முன்னாடி விட்டா கோல் கோலா அடிச்சுத் தள்ளுவான்.”

“இளசுடா அவன். ஓடட்டும், பந்தைப் பறிக்கட்டும், சுமந்துட்டு வந்து குடுக்கட்டும். முன்னாடி நிக்கறதுக்கு அனுபவம் வேணும்.”

“சுமக்கறவனுக்கு அனுபவம் வராதா?”

“வரும், வரும். அதுக்குள்ள என்ன அவசரம்?”

பீரோவின் சொந்தக்காரி ஒரு டீச்சர். நாலாவது மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்து, “அங்க என்ன மாநாடா நடக்குது?” என்று கத்தினார்.

மாமா அசரவில்லை. “நடுவுல நின்னு சுமக்கறதுல அப்படி என்னடா கஷ்டம்? சின்னப் பையன், தாங்குவான்.”

“அப்ப நீங்க நின்னு பாருங்களேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மச்சினனுக்கே உறைத்தது. மாமா ரோஷக்காரர். “நிக்கறேன்டா. நீ வா மேல” என்றார். பீரோவைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வயிற்றை எக்கிக்கொண்டு இடம் மாறினார்கள்.

மேல் பக்கம் கிடைத்துவிட்டால் ராஜாதான் என்று மச்சினன் நினைத்திருந்தான். பின்பக்கமாகவே படியேற வேண்டும் என்பதை மறந்துவிட்டான். ஆறாவது படியில் பீரோவின் மூலை சுவரை உரசிப் பெயிண்டில் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்தது.

“கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று டீச்சர் பிடித்துக்கொண்டார்.

பிடரியில் இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். டீச்சர் விடவில்லை, அவனுடைய படிப்பில் ஆரம்பித்துப் பரம்பரை வரைக்கும் போனார். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். சாமானுக்குப் பின்னால் இருந்த அவன் காதில் ஒன்றும் சரியாக விழுந்ததில்லை. அத்தனையையும் மாமா ஒருத்தரே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவனுக்குப் பாவமாக இருந்தது.

“முன்னாடி நிக்கறதும் லேசுப்பட்ட வேலை இல்ல, மாமா,” என்றான். “கோல் போகலைன்னா ஊரே அவனைத்தான் திட்டும். பொடியன் நடுவுலயே ஆடட்டும்.”

கீழேயிருந்து மூச்சிரைப்பு மட்டும் வந்தது. நாலு படி கழித்துத்தான் குரல் வந்தது.

“நடுவுலயா? வேணாம்டா... பையன் செத்துருவான். முன்னாடியே விடு.”

மூன்றாவது மாடியில், “எறக்கு, எறக்கு” என்று கெஞ்சினார் மாமா. இறக்கினார்கள். சட்டை தெப்பமாக நனைந்திருக்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒன்பது வருஷமா இதையாடா தூக்கின? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”



“சீசன் பூரா வேற என்னத்தச் சொன்னேன், மாமா?”