வேரடியில் வைக்காத நீலம்

வெர்னா பெல்கி மூன்றாவது மரத்திலிருந்தே குனிவதை விட்டுவிட்டாள்.

வெட்டக் கொடுக்கும் மரத்துக்கு இரண்டு இடத்தில் நீலச் சாயம் வைக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் ஒன்று, வேர் மண்ணில் இறங்கும் இடத்தில் ஒன்று. மேலே வைத்த குறி தடியோடு லாரி ஏறிப் போய்விடும். கீழே வைத்தது வெட்டியபின் மிஞ்சும் அடிக்கட்டையிலேயே நிற்கும். குறி இல்லாத கட்டை கண்ணில் பட்டால் அது நாம் கொடுக்காத மரம். மரம் பார்த்துச் சொல்லும் ஆலோசகர் ஒருவர் இதைத் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். தானே வந்து குறித்து, ஒப்பந்தமும் எழுதித் தருவதாகச் சொன்னார். வெர்னா நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

முழங்கால் ஒரு காரணம். எழுபத்தோரு வயது முழங்கால். ஆனால் அது மட்டும்தான் என்றால் பொய். வெட்ட வருகிறவன் ராய்ஸ் டிபெட்ஸ், பக்கத்து நிலத்துக்காரன். அவள் கணவன் ஆல்டனின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவன். ஐந்து குளிர்காலமாக, யாரும் கேட்காமலே, விடிந்ததும் வண்டியின் முன்னால் தகடு மாட்டி வந்து அவள் வீட்டுப் பாதையில் கிடக்கும் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறவன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் வேரடியில் சாயம் வைப்பதென்றால், உன்னைத் திருடனென்று நினைக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான். முதல் இரண்டு மரங்களில் வைத்தபோதே அவளுக்குக் கூசியது.

அந்த வாரம் ராய்ஸ் அவள் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தான்.

"குறிச்சாச்சா அத்தை?"

"நாப்பத்தி மூணு. பைன் மட்டுந்தான். ஓடைக்கு மேல மேப்பிள் பக்கம் உன் ஆளுங்க போகக்கூடாது."

"ஆல்டன் மாமாவோட மேப்பிளாச்சே. அதுல கை வெச்சா மனுசன் எந்திரிச்சு வந்து என் டிரக்கைக் கவுத்துருவாரு." இரண்டாவது டோனட்டை எடுத்துக்கொண்டான். "எழுத்து கிழுத்து ஏதாவது வேணுமா?"

கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது.

"உங்கிட்ட எனக்கெதுக்குப்பா எழுத்து" என்று கையை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு குலுக்கினான்.

அந்த மேப்பிள்கள் இருபது இருக்கும். மார்ச்சில், பகலில் பனி இளகி இரவில் உறையும் அந்த மூன்று வாரங்களில், துளை போட்டுக் குழாய் செருகி வாளி மாட்டினால் இனிப்பு நீர் சொட்டும். ஆல்டன் போன பிறகும் அவள் விடவில்லை. வாளிகளைத் தனியாகவே இழுத்து வந்து, கொட்டகையில் விறகு போட்டுப் பாகு காய்ச்சினாள். ஊரில் மற்றவர்களுக்கு வருஷம் ஜனவரியில் பிறக்கும். அவளுக்கு அந்தப் பாகின் ஆவி எழும் நாளில்தான் பிறக்கும். நிலவரிக்கும் ஒழுகும் கூரைக்கும் பைனைக் கொடுக்கத் துணிந்ததே, மேப்பிள் நிற்கிறது என்ற தைரியத்தில்தான்.

ஜனவரியில் தரை இறுகியதும் இயந்திரங்கள் இறங்கின. அவள் அப்போது பேங்கரில் மகள் கிளெண்டா வீட்டில், கண்புரை அறுவைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து, மார்ச் முதல் வாரம் சறுக்குவண்டியில் வாளிகளை அடுக்கிக்கொண்டு மேலே ஏறினாள். புதுக்கண்ணுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பதினோரு கட்டைகள். ஒவ்வொன்றின் முகமும் ஈரமாக மினுங்கியது. மேலே மரம் இல்லை என்று வேருக்கு யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு நீரை ஏற்றிக்கொண்டிருந்தது.

வாளிகளை அங்கேயே விட்டுவிட்டு ராய்ஸின் கொட்டகைக்குப் போனாள். அவன் ரம்பச் சங்கிலியை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஓடைக்கு மேல பதினோரு மேப்பிளைக் காணோம் ராய்ஸ்."

"நீலம் இருந்துச்சு, வெட்டினோம்."

"நான் வெக்கல."

"கண்ணுக்குப் பண்றதுக்கு முன்னாடி குறிச்சது அத்தை. நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க."

"கண்ணைக் கட்டி விட்டாலும் பட்டையைத் தடவி மேப்பிளைச் சொல்லுவேன்."

"சரி, கட்டையைப் பாத்து முடிவு பண்ணுவோம்னா, நீங்க பைனுக்கே கீழ வெக்கலியே. ரெண்டுல வெச்சிருக்கீங்க. மத்ததுல எங்க?" அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். முகத்தில் கோபம் இல்லை. பரிவுதான் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

அவள் குனியாத இடத்தில் அவன் குனிந்து பார்த்திருக்கிறான். ஒவ்வொரு கட்டையாக. வீடு வரும்வரை அது ஒன்றே மனதில் ஓடியது.

கிளெண்டா தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உனக்கு நிச்சயமாத் தெரியுமாம்மா? கிறிஸ்துமஸப்ப அடுப்பை அணைக்காமயே சர்ச்சுக்குப் போயிட்ட" என்றாள்.

"அடுப்பும் மரமும் ஒண்ணாடி?"

"சண்டை போட்டா பனியை யாரு தள்ளுவா, அதையும் யோசி."

போனை வைத்தபின் வெர்னா கொட்டகைக்குப் போய்ச் சாய டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். அடியில் கொஞ்சம் சளசளத்தது. நாற்பத்து மூன்று மரத்துக்கு எவ்வளவு செலவாகும், ஐம்பத்து நான்குக்கு எவ்வளவு? தெரியவில்லை. மரம் போனதைவிட, அந்த டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டு தான் நின்ற நிலைதான் அவளுக்குக் கசந்தது. ஒருவேளை நானேதானோ? அந்த ஒருவேளையை ராய்ஸ் அவளுக்குள்ளே விட்டுவிட்டான், பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து வாளிகளை எடுத்து வரப் போனபோது, அடிமரத்திலிருந்து குறுக்கே அறுத்து, புதருக்குள் உதைத்துத் தள்ளிய ஒரு வட்டுத்துண்டு கிடந்தது. ஒரு சாண் கனம், சுற்றிலும் பட்டை. வெட்டுமுகத்தில் பட்டைக்குச் சற்று உள்ளே துருப்பிடித்த குழாயின் மூக்கு. அவளுக்கு உடனே தெரிந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஆல்டன் அடித்த குழாய். அவள் வாளி மாட்ட எட்டட்டும் என்று அவளையே மரத்தோடு நிறுத்தி, அவள் நெஞ்சு உயரம் பார்த்து அடித்தான். பிறகு பிடுங்கப் பார்த்தபோது அது வரவில்லை. குறடு உடைந்ததுதான் மிச்சம். மரம் அதை மூடி வளர்ந்துவிட்டது. இரும்பு உள்ள தடியை ஆலையில் வாங்க மாட்டார்கள். ராய்ஸின் ரம்பத்தில் பல் தெறித்திருக்கும். அந்த அளவை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு மீதியைக் கொண்டுபோயிருக்கிறான்.

அவள் நெஞ்சு உயரம். நீலம் வைத்திருந்தால் இந்தப் பட்டையில்தான் இருக்க வேண்டும்.

கையுறையைக் கழற்றி, வட்டை உருட்டி உருட்டிச் சுற்றுப்பட்டை முழுவதையும் பார்த்தாள். சாம்பல் நிறம், கொஞ்சம் பாசி. மறுபடி ஒருமுறை உருட்டினாள். பிறகு பனியில் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், பசிதான் எடுத்தது.

அதைச் சறுக்குவண்டியில் ஏற்றவே பிற்பகல் பாதி போயிற்று. வழியில் இரண்டு முறை கவிழ்ந்தது. வீட்டுப் பாதை சாலையைத் தொடும் இடத்தில், பனியில் பாதையின் ஓரம் தெரிய நட்டிருந்த இரண்டு அடையாளக் கம்புகளுக்கு நட்டநடுவே, முகம் சாலையைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தாள்.

விடிவதற்குள் ஒரு சாண் பனி விழுந்திருந்தது. இன்னும் தூறிக்கொண்டிருந்தது. துடைப்பத்தோடு போய் வட்டின் முகத்தையும் பட்டையையும் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, ஜன்னலருகே நின்றாள். ராய்ஸ் பனி தள்ள வரும்போதெல்லாம் இந்த ஜன்னலில் நின்றுதான் கையை உயர்த்துவாள். அவன் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்குவான்.

வழக்கமான நேரத்துக்கு வண்டி திரும்பியது. தகடு இறங்கியது. வட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அவன் இறங்கவில்லை. பின்வாங்கவும் இல்லை. கூரைமேல் மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துருப்பிடித்த மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. வெர்னாவின் இரண்டு கைகளும் மேலங்கிப் பைக்குள் இருந்தன. கண்ணாடியில் வைப்பர் இப்படியும் அப்படியும் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.