பள்ளிக்கூடத்து வழி

அன்னக்கிளி கொண்டை ஊசியின் முனையால் புருஷனின் நகக்கண்ணில் இருந்த மண்ணை நோண்டிக்கொண்டிருந்தாள். வலது கை முடிந்துவிட்டது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் பிடிவாதம் பிடித்தது.

"விடுக்கா, குளிப்பாட்டுறப்ப போயிடும்" என்றாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாகம்மா. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவள் என்று மெட்டுகுடா லைனில் அவளுக்குப் பெயர்.

"போவாது. பதினோரு வருஷமா தேய்ச்சுத் தேய்ச்சு நான்ல பாக்குறேன்."

ஜம்புநாதன் அன்று விடியற்காலை, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வயது ஐம்பத்திரண்டு. இந்தச் சேதி ஆறு மணிக்குள் லைன் முழுக்கப் பரவி, ஏழு மணிக்குள் மூன்று விதமாகத் திரிந்து, எட்டு மணிக்கு, 'தோட்டத்துல தண்ணி ஊத்துறப்பவே சாஞ்சுட்டாராம்' என்ற இடத்தில் வந்து நின்றுகொண்டது. அதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. படுக்கையில் செத்தார் என்று சொல்லிப் பார்த்த அன்னக்கிளியை யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தத் தோட்டம் இருக்கிறதே, அது காலனித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த நிலம். நிலம் என்று மரியாதைக்குச் சொல்லலாம். இஞ்சின் கொட்டகையிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிய கரிச்சாம்பல். பிள்ளைகள் அதில் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தால் எந்தப் பிள்ளை யாருடையது என்று கழுவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜம்புநாதன் கடப்பாரையோடு போய் அதைக் கொத்த ஆரம்பித்தார். லைனே வேலி ஓரத்தில் நின்று சிரித்தது. இரண்டாவது ஞாயிறும் சிரித்தது. மூன்றாவது ஞாயிறு, ஜட்கா ஓட்டும் அப்துல் ரஹீம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூச்சப்பட்டு ஒரு வண்டி குதிரைச் சாணி கொண்டுவந்து கொட்டினார். அதன் பிறகு சிரித்தவர்களால் சும்மா நிற்க முடியவில்லை. நாகம்மா முருங்கைப் போத்து கொடுத்தாள். கேங்மேன்கள் பழைய ஸ்லீப்பர் கட்டைகளைச் சுமந்துவந்து வேலி போட்டார்கள். வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்துத் தண்ணீர் போனது. அரிசி கழுவின தண்ணீரைக்கூட வீணாக்காமல் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அதை நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். கத்திரி, வெண்டை, அவரை, ஓரமாகச் சாமந்தி, கனகாம்பரம். இப்போது கேட்டால் லைனில் ஒவ்வொருவரும் அது தான் போட்ட தோட்டம் என்பார்கள். கடப்பாரை பிடித்தவர் மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

காய்த்ததெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதியக் குழம்புக்கு. ஒரு காய்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஸ்கூல் சொத்து என்பார். அன்னக்கிளி மோண்டா மார்க்கெட்டுக்கு நடந்து போய்ச் சொத்தைக் கத்திரிக்காயைப் பேரம் பேசி வாங்கிவந்தாள்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது வேறு. பிள்ளையில்லாத மனுஷன், செடிகளைப் பிள்ளையாட்டம் வளர்க்கிறார் என்று லைன் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. லைனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. யாராவது அவளிடம், "உங்க வீட்டுக்காரரு தோட்டத்துல இந்த வருஷம் என்னமா காச்சிருக்கு!" என்று சொல்லும்போதெல்லாம் அவள் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். முதல் வருஷம் அவர், "ஒரு தடவை வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். "அங்க எனக்கென்ன வேலை" என்றாள். அவர் மறுபடி கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, காபியைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். பதினோரு வருஷம் அப்படியே போய்விட்டது.

பதினோரு மணிக்கு ஹெட்மாஸ்டர் கோவிந்தராஜன் அங்கவஸ்திரத்தோடு வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். காஜிபேட்டை பாசஞ்சரில் அப்போதுதான் வந்திறங்கிய நடேசன், ஜம்புநாதனின் தம்பி மகன், கொள்ளி வைக்க வேண்டியவன், எழுந்து நின்றான்.

"அம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்ற வயசும் தகுதியும் எனக்கு இல்ல" என்று ஆரம்பித்து, ஹெட்மாஸ்டர் கால் மணி நேரம் ஆறுதல் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பாடையை நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் பள்ளிக்கூடத்து வழியாகக் கொண்டுபோய், தோட்டத்தில் ஒரு அரை மணி இறக்கி வைக்க வேண்டும். பிள்ளைகள் வரிசையாக நின்று பூப் போடுவார்கள். அவர் நாலு வார்த்தை பேசுவார்.

"நாலு வார்த்தைதானா மாஸ்டர்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அந்த வீட்டிலும் இரண்டு பேர் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

நடேசன் குனிந்தான். "பெரியம்மா, என்ன சொல்லட்டும்?"

"வேணாம்."

"இல்ல, அவங்க ஆசையா..."

"வேணாம்னு சொல்லு. வீட்டுலேருந்து நேராப் போவட்டும்."

வாசலில் நின்ற அப்துல் ரஹீம் தொப்பியைக் கையில் எடுத்தார். "கைக்கு பாபி, ஏன் வேணாம்? நம்ம ஆள் போட்ட தோட்டம். பத்து நிமிசம். நக்கோ, வேணாம்னு சொல்லாதீங்க."

"பாய், தினம் இந்த வீட்டுலேருந்து அங்கதான் போனாரு. இன்னிக்கும் அங்கதானா?" என்றாள் அன்னக்கிளி. குரல் உயரவில்லை. "இன்னிக்கி ஒரு நாள் எங்க வீட்டு மனுஷனா போவட்டும்."

ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்து மூடினார். பேசத் தயாராக வந்தவருக்கு அது பெரிய தண்டனை.

"அப்புறம் ஒண்ணு" என்றாள் அவள். "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க. நான் அவரோட இருக்கணும்."

இப்படி ஒன்றை மெட்டுகுடா கேட்டதில்லை. பிணத்தைத் தனியாக விடக்கூடாது என்று நாகம்மா சொல்லிப் பார்த்தாள். "தனியா எங்க? நான் இருக்கேன்ல" என்றாள் அன்னக்கிளி. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, முந்தானையை உதறி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நாகம்மா மட்டும் கால் மரத்துவிட்டது என்று கதவுக்கு வெளியே சுவரில் காதைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

உள்ளே அன்னக்கிளி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. முகவாய்க்கட்டு அவரைப் பல் வலிக்காரராகக் காட்டியது. சொல்வதற்கு நிறைய வைத்திருந்ததாகத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவரோடு கடைசியாக எதைப் பற்றிப் பேசினோம் என்று யோசித்தாள். உப்பு. நேற்று ராத்திரி ரசத்தில் உப்பு சரியா என்று கேட்டாள். சரி என்றார். முந்தாநாள்? முந்தாநாள் ஒன்றும் பேசவில்லை.

அவர் சட்டைப்பையில் கையை விட்டுப் பார்த்தாள். சணல் கயிறு, ஒரு ஆணி, காகிதத்தில் மடித்த ஏதோ விதை. என்ன விதை என்று அவளுக்குத் தெரியவில்லை. மடித்து மறுபடி உள்ளேயே வைத்தாள்.

"பின்கதவு தாழ்ப்பாள் இன்னும் சரியா விழல" என்றாள்.

பள்ளிக்கூடத்து கேட்டுக்குத் தண்டவாளத் துண்டில் கீல் செய்து மாட்டியவரிடம் ஒரு வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம் அது. கைக்கு அகப்பட்டது அதுதான். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அரை மணி கழித்து அவளே எழுந்து கதவைத் திறந்தாள்.

"என்னடி பேசுனா?" என்று நாகம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தாழ்ப்பாளப் பத்தி" என்றாள் நாகம்மா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அதற்கு மேல் சேர்த்துச் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

யுத்த காலம். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அரை நாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். ஆகவே குளிப்பாட்டுவதும் வாய்க்கரிசியும் கொஞ்சம் ஓட்டமாகவே நடந்தன. மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். லைன் முனையில் தோள் கொடுத்தவர்களின் கால்கள் பழக்கத்தில் இடது பக்கம், பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பப் பார்த்தன. முன்னால் கொள்ளிச்சட்டியோடு போன நடேசன் நின்று, திரும்பிப் பார்த்து, வலது கையை நீட்டினான். ஊர்வலம் வலது பக்கம் போனது. சங்கு தேய்ந்து, ரயில் சத்தத்தில் கரைந்தது. வீட்டு வாசலில் நின்று அன்னக்கிளி அதைப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் அவளைத் தலை முழுகக் காலனிக் குழாய்க்கு அழைத்துப் போனார்கள். குழாய் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்தது. நாகம்மா நாலு குடம் ஊற்றினாள். ஐந்தாவது குடத்துக்குக் கண்ணைத் துடைத்தபோதுதான் அன்னக்கிளி எதிரே பார்த்தாள்.

பள்ளிக்கூடத்து கேட் திறந்து கிடந்தது. வெளியே இரண்டு பக்கமும் தரையில் சுண்ணாம்பால் நீளமாகக் கோடு போட்டு, கோட்டின் மேல் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அறுபது பேர் இருக்கும். ஒவ்வொரு கையிலும் பூ. சாமந்தி வாடித் தலை தொங்கியிருந்தது. ஒன்றிரண்டு சின்னதுகளுக்கு மூக்கு ஒழுகியது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

"அடப் பாவி மாஸ்டரே!" நாகம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "புள்ளைங்ககிட்ட சொல்லாமயே சுடுகாட்டுக்குப் போயிட்டாரா? காலையில நிறுத்தினதுலேருந்துல்ல நிக்குதுங்க!"

ஈரப் புடவையோடு அன்னக்கிளி தெருவைக் கடந்தாள். யாரும் அவளைக் கூப்பிடுவதற்குள் போய்விட்டாள். வரிசையின் கடைசியில் நின்றவள் டிக்கெட் கலெக்டர் கிருஷ்ணமூர்த்தியின் மகள் நீலா. ஆறு வயது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தாலும் வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும்.

"தாத்தா இங்க்கா ராலேதா?" என்று கேட்டாள் நீலா.

அன்னக்கிளி அவளைப் பார்த்தாள். வரமாட்டார், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அறுபது தலைகளும் திரும்பி அவள் வாயைப் பார்த்தன. கேட்டுக்கு உள்ளே, கட்டடத்துக்குப் பின்னால், அவள் இதுவரை பார்த்திராத பாத்திகள், வரப்பு வரப்பாகச் சுவர் வரை போயின.

"இன்னும் வரல" என்றாள்.

"மாஸ்டரு கதலொத்து அன்னாரு" என்றாள் நீலா, அசையக்கூடாது என்று விரலை ஆட்டிக் காட்டி. பிறகு தன் கையிலிருந்த கனகாம்பரத்தைப் பாதியாகப் பிரித்து நீட்டினாள்.

"ஐயையோ, இப்ப பூ வாங்கலாமா கூடாதா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். "பதினாறு வரைக்கும் பரவால்ல" என்றாள் இன்னொருத்தி. "எங்க பக்கம் கிடையாது" என்றாள் மூன்றாமவள்.

அன்னக்கிளி பூவை வாங்கிக்கொண்டாள். நீலாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய் நின்றாள். தெருமுனையில் யாரும் இல்லை.

நீலா குனிந்து அவள் காலைப் பார்த்தாள். கோட்டைத் தாண்டியிருந்தது. ஈரப் புடவையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அன்னக்கிளி ஒரு அடி பின்னால் நகர்ந்து, கோட்டின் மேல் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.