துண்டுக்குள் ஓட்டு

கையைத் தூக்கி ஓட்டுப் போடுவது காசிலிங்கத்துக்குப் பிடிக்காது. தூக்கிய கையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துத் தூக்கியது என்பார். அவர் முத்துத் தரகர். முத்துக்குளிப்பு நின்று தொழில் படுத்த பிறகும் துண்டு மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை. அந்தத் துண்டுக்கடியில் வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் விரலைப் பிடித்து விலை பேசும். வெளியே இரண்டு வாயும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். வாய்க்கு வெட்கமில்லை, விரலுக்கு உண்டு என்பது அவர் கட்சி.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளத்தை ஒட்டி முத்துநகர் எழும்பியபோது, அதன் வீட்டுக்காரர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வில்லங்கமான காரியம் எது வந்தாலும் ஓட்டு துண்டுக்குள்தான். காசிலிங்கம் துண்டைப் பிடிப்பார். ஒவ்வொருவராக வந்து கையை உள்ளே விடுவார்கள். ஒற்றை விரல் கொடுத்தால் சம்மதம், கையை மூடினால் மறுப்பு. முடிவைத்தான் அவர் சொல்லுவார். யார் எதைக் கொடுத்தார்கள் என்பது அவரோடு சரி. தாணுலிங்கத்தின் ஆடுகள் தெருவை விட்டுப் போனதும், தலைவர் பாஷ்யத்தின் சுற்றுச்சுவர் ஒரு முழம் பின்வாங்கியதும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் ஒருவர் முகமும் கோணவில்லை. கோண வேண்டிய முகமெல்லாம் துண்டைப் பிடித்தவர் பக்கம் கோணியது. அது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

சம்பளமில்லாத உத்தியோகம். குடிதண்ணீர்க் குழாய்க்காக நகராட்சிக்கு நடந்து நடந்து மூன்று சோடிச் செருப்பைத் தேய்த்தார். மாட்டுவண்டி பீப்பாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக்கிடந்த தெருவுக்கு ஒருவழியாகக் குழாய் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வால்வைத் திறக்க வேண்டும். செயலாளர்தான் திறக்கணும் என்று என்ஜினீயர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து காசிலிங்கத்துக்கு அந்த ஒரே நினைப்புதான். சட்டைக்குக் கஞ்சி போட்டாயிற்று.

இதற்கிடையில் இளைய மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்றிருந்தார். வாங்கியவர் பால்ய சிநேகிதர் சங்கரபாண்டியன். விலை பேசியதும் அதே துண்டுக்குள்தான். சிநேகிதர் விரலை இழுத்து இழுத்துக் கெஞ்ச, காசிலிங்கம் மனம் இளகி இறங்கிக் கொடுத்தார். இப்போது அதே வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஏற்பாடு பற்றிப் பேச பாஷ்யம் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம் கூடியது. ஜேசுபாதம் எழுந்தார். துறைமுகத்தில் கப்பல் மூட்டை எண்ணிக் கணக்கெடுக்கிறவர்.

"நாலாம் விதி என்ன சொல்லுது? சொந்த வீடு உள்ளவருதான் சங்கத்துல இருக்கலாம். இப்ப நம்ம செயலாளருக்கு வீடு எங்கன இருக்கு?"

அந்த விதியை எழுதியது காசிலிங்கமேதான். ஜேசுபாதம் இந்தத் தெருவில் வாடகைக்கு இருந்த காலத்தில், கேள்வி கேட்கிற மனுஷன் உள்ளே வரக்கூடாதென்று எழுதிய விதி. ஜேசுபாதம் வீடு கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எழுதியவர் வீட்டை விற்றுவிட்டு நிற்கிறார்.

"அன்னைக்கு எனக்குச் சட்டம், இன்னைக்கு ஒமக்குச் சலுகையோ?"

கூட்டம் பொங்கிவிட்டது.

"நாக்குல நரம்பில்லன்னா என்னவும் பேசலாமாவே?" என்றார் கருப்பட்டி மண்டி தாணுலிங்கம். "அண்ணாச்சி இல்லன்னா இங்க ஏதுவே தண்ணி?"

"காசிலிங்கம் இல்லாத சங்கம் உப்பில்லாப் பண்டம், ஓய்" என்றார் பாஷ்யம். "உப்பளத்துக்கு நடுவிலே இருந்துண்டு அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். கையைத் தூக்குங்கோ, முடிஞ்சுது!"

சங்கரபாண்டியன் சிநேகிதரின் தோளைத் தட்டினார்.

கைகள் ஏறிவிட்டன. காசிலிங்கம் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் அங்கேயே சுபமாய் முடிந்திருக்கும். தரகன் புத்தி விடவில்லை.

"எறக்குங்க, எறக்குங்க. மொகத்துக்கு அஞ்சிப் போட்ட ஓட்டுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். துண்டுலயே பார்த்துருவோம்."

"ஒம்ம ஓட்டுக்கு நீரே துண்டு பிடிக்கீரா?" என்றார் ஜேசுபாதம்.

"இந்தத் துண்டு இன்னைக்கு வரைக்கும் பொய் சொன்னதில்லவே."

"துண்டு சொல்லாது."

முதலில் தாணுலிங்கம் வந்தார். "மக சுகமா இருக்காளா அண்ணாச்சி?" என்று வாய் கேட்டது. துண்டுக்குள் கை கல்லாய் மூடியிருந்தது. ஏதோ தப்பு, விரலை நீட்டுவார் என்று காசிலிங்கம் காத்தார். நீளவில்லை. அடுத்து பாஷ்யம். "பேஷ், பேஷ்" என்று சொல்லிக்கொண்டே, கட்டைவிரலையும் உள்ளே மடக்கி, குழந்தை மிட்டாயை ஒளிப்பதுபோல மூடினார். அடுத்த கை மூடியிருந்தது. அதற்கடுத்ததும். வந்தவன் எல்லாம் சிரித்தான், குசலம் விசாரித்தான், மூடினான். தரகு முகத்தைக் கழற்றவில்லை என்றுதான் காசிலிங்கம் நினைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை மட்டும் வேர்த்து ஒழுகியது.

கடைசியில் சங்கரபாண்டியன். அந்தக் கை அவருக்கு மனப்பாடம். உள்ளே வந்து உள்ளங்கையைத் தொட்டு, ஒரு கணம் விரிந்து கிடந்தது. பிறகு மெல்ல மடங்கியது.

"மழை வரும்போல இருக்கு" என்றார் சங்கரபாண்டியன். பங்குனி மாதம், வானத்தில் பொட்டு மேகமில்லை.

ஜேசுபாதம் துண்டுக்குள் கையை விடவேயில்லை. எல்லோரும் பார்க்க முஷ்டியை உயர்த்தினார். "எனக்கு மறைப்பு வேண்டாம். பார்த்துக்கிடும்."

காசிலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். எல்லா முகமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தான் ஒருத்தன்தான் மூடினோம் என்று ஒவ்வொருத்தனும் நினைத்துக் கூசுகிறான் என்பது அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. நெஞ்சுக்குள் கசந்த கசப்பில் கணக்கு மட்டும் தெளிவாக வந்தது.

"ஜேசுபாதம் ஒருத்தர்தான் வேண்டாம்னாரு. மத்த அத்தனை பேரும் விரல்தான்."

யார் மறுக்க முடியும்? மறுக்கிறவன் தன் கையைக் காட்ட வேண்டுமே. பிறகு கைதட்டல் மாடியே அதிரும்படி எழுந்தது.

மறுநாள் தாணுலிங்கம் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு மாடியேறினார். வலது கைச் சுண்டுவிரலில் துணிச்சுற்று. "நகச்சுத்தி அண்ணாச்சி. விரல நீட்ட முடியல, அதான் மூடினாப்ல ஆயிட்டு. பெரிய மனசு பண்ணி நீங்க மறைச்சிட்டிய."

"தெரியும்வே, தெரியும்" என்றார் காசிலிங்கம்.

பாஷ்யத்துக்கு முடக்குவாதமாம், குளிரில் கை தானாக மூடிக்கொள்ளுமாம். பங்குனி வெயிலில் விசிறிக்கொண்டே சொன்னார். இன்னொருவருக்குச் சுளுக்கு. தெருவுக்கே கைக்கோளாறு கண்டுவிட்டது. ஆளுக்கொரு வியாதியோடு ஏறி, ஆளுக்கொரு பொட்டலம் வைத்துவிட்டு இறங்கினார்கள்.

மனைவி சண்முகத்தாய் கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள். "இந்தத் தெருவுல வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்குன்னு சொல்லுவேன்லா? தப்புங்க. கையும் சர்க்கரைதான்."

காசிலிங்கம் காப்பியைத் தள்ளி வைத்தார்.

சங்கரபாண்டியன் மட்டும் மாடியேறவில்லை. வாசலில் எதிர்ப்பட்டபோது சொன்னார்: "எனக்கு வாதமும் இல்ல, சுளுக்கும் இல்ல. மூடுனது மூடுனதுதான். வீட்ட வித்த பெறகும் நீ வீட்டுக்காரன் மாதிரிதான்டே நடக்க. தூணுக்கு ஏன் பச்சை அடிச்சேன்னு என்னையே கேக்க." பிறகு குரல் தழைந்தது. "என் மானத்தக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னியாடே?"

"ஆமா" என்றார் காசிலிங்கம்.

வெள்ளிக்கிழமை கஞ்சிச் சட்டையோடு வால்வுக் குழிக்குள் குனிந்தார். ஜேசுபாதம் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூடுன கை எத்தனைவே?"

"நீரு ஒருத்தர்தான்."

"நான் மூட்டை எண்ணுதவன். ஒவ்வொரு கைக்கும் ஒம்ம மூஞ்சி எறங்கிக்கிட்டே வந்துது." தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி, தொறயும். பொம்பளைங்க குடத்தோட நிக்காங்க" என்றார்.

திருகினார். குழாய் முதலில் காற்றைக் கக்கியது, பிறகு துருத் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் தாணுலிங்கம். துணிச்சுற்று இப்போது இடது கைக்கு மாறியிருந்தது.

"நாலாம் விதியை இன்னியோட ரத்து பண்ணிடலாம்" என்று பாஷ்யம் கூவினார். "ஆயுசுக்கும் நம்ம காசிலிங்கம்தான் செயலாளர். கையைத் தூக்குங்கோ!"

ஜேசுபாதத்தின் கையைத் தவிர எல்லாக் கையும் ஏறியது.

"துண்டு வேண்டாமாவே?" என்று ஜேசுபாதம் சத்தமாகவே கேட்டார்.

காசிலிங்கம் அந்தத் துண்டால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம். தூக்குனதே போதும்."